ட்ரோனை இறக்குங்கள், கோப்புக் கட்டைப் பிரியுங்கள்

பெறுநர்: சேலம் மாவட்டத்தில் குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள், தறிக்கூடத்து இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேமரா தூக்கும் நண்பர்கள் அனைவருக்கும்.

பொருள்: குறும்படம் – முறைகேட்டை வெளிப்படுத்தும் அரசு ஊழியர் குறித்தது – குறைந்த செலவில் எடுப்பது – தொடர்பாக.

பார்வை: உங்கள் திரைக்கதைகள்.

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

மேலே உள்ள மூன்று வரிகளைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. அரசுக் கடிதத்தில் பொருள் வரி சின்னச் சின்னக் கோடுகளால் துண்டுபட்டு ‘தொடர்பாக’ என்று முடியும்; பார்வையில் பழைய கடிதங்களின் எண்ணும் தேதியும் வரிசை கட்டும். உங்கள் கதை நடக்கிற ஊர் அதுதான். அந்த ஊருக்குள் போகாமல், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலேயே ட்ரோனைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எங்கள் மனக்குறை. அலுவலகக் கோப்பு பழகியவர்களும் கேமரா, ஒலி பழகியவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

உங்கள் கதைகளில் பெரும்பாலும் ஒரு நேர்மையான ஊழியர் வருகிறார், ஒரு பென் டிரைவ் வருகிறது, மலைப்பாதையில் ஒரு லாரி வருகிறது. லாரி வந்த பிறகு படம் முடிகிறது. இந்த நாட்டில் அப்படி நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலை எதிர்த்த விஏஓ லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு இறந்தார். அதனாலேயே சொல்கிறோம், கொலையை உங்கள் படத்தை முடிப்பதற்கான வசதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முறைகேட்டைச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். ‘நிர்வாக நலன் கருதி’ என்ற மூன்று சொல்லோடு ஒரு மாறுதல் ஆணை, பிறகு ஒரு மெமோ, பிறகு பல ஆண்டு விசாரணை. இதை எடுக்க லாரி வேண்டாம். ஒரு அறை, ஒரு ஃபைல், மூன்று நடிகர்கள் போதும். செலவு குறைய வேண்டும் என்று நீங்கள் நினைப்பதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைப்பதும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

முதலில் என்ன முறைகேடு என்பதை முடிவு செய்யுங்கள். ‘கோடிக்கணக்கில் ஊழல்’ என்று வசனத்தில் சொன்னால் பார்ப்பவர் மனதில் எதுவும் ஒட்டாது. கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய சின்னத் திருட்டு ஒன்று வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒன்று தருகிறோம், எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்லாத ஒரு ஊராட்சி ஒன்றியம், அதில் கற்பனையான ஒரு ஏரி. தூர் வாரியதாக பில் வருகிறது. பில்லோடு அளவுப் புத்தகம், அதாவது எல்லோரும் சொல்லும் எம்-புக். அதில் நீளம் 120 மீட்டர், அகலம் 15, ஆழம் 0.90. பெருக்கினால் 1,620 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 572 யூனிட் மண். 3 யூனிட் டிப்பரில் ஏறத்தாழ 190 லோடு. வேலை நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கி 14-ஆம் தேதி அளவெடுத்ததாக எழுதியிருக்கிறது. நாளுக்கு 48 லோடு கரையில் போயிருக்க வேண்டும். கரையோரத்து டீக்கடைக்காரரிடம் நம் நாயகி, ஒன்றிய அலுவலக உதவியாளர் அம்மா, கேட்கிறார்: “அண்ணா, போன நவம்பர்ல இந்தப் பக்கம் டிப்பர் ஏதும் ஓடுச்சுங்களா?” அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்கிறார்: “டிப்பரா? அப்ப ஏரி கோடி போய்ட்டிருந்துச்சுங்க. மீன் புடிச்சிட்டிருந்தாங்க.” கோடி போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது. படத்தின் திருப்பம் இந்த இரண்டு வரிதான். இதற்குப் பின்னணி இசையே வேண்டாம்.

இதை நிரூபிக்க அந்த அம்மா எந்தக் காகிதத்தைத் தேடுவார் என்பதையும் யோசியுங்கள். ஏரி நிறைந்ததாக விஏஓ தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கை ஒன்று. மழைமானிப் பதிவேடு இன்னொன்று. மழை அளவு தினமும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்படும். வேறொரு அலுவலகத்தில், வேறொரு வேலைக்காக, யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதிவைத்த எண்தான் திருட்டைக் காட்டிக்கொடுக்கிறது. திருடியவர்கள் தங்கள் ஃபைலை மட்டும்தான் திருத்தினார்கள். பக்கத்து அலுவலகத்து நோட்டை மறந்துவிட்டார்கள். நிஜத்திலும் பல முறைகேடுகள் இப்படித்தான் பிடிபடுகின்றன.

இனி காகிதம். எம்-புக்கை நீங்களே பைண்ட் செய்துவிடலாம். 100 பக்கம், நீள்வாக்கு, கெட்டி அட்டை. எல்லாப் பக்கத்திலும் எண் அச்சாகியிருக்க வேண்டும், கையால் எழுதக் கூடாது. அதில் பென்சில், ஒயிட்னர் எதுவும் ஆகாது. தவறாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஆகவே 37-க்குப் பிறகு 39 வந்தால் அதுவே ஒரு காட்சி. குளோசப்பில் அந்த இரண்டு எண்ணையும் அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும் கிழிந்த நாரையும் காட்டினால் போதும், விளக்க ஆள் வேண்டாம்.

ஃபைலில் இரண்டு பகுதி உண்டு. வந்த கடிதங்களும் போன கடிதங்களும் நடப்புக் கோப்பு. அலுவலகத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது குறிப்புக் கோப்பு. நாடகம் முழுவதும் இந்தக் குறிப்புக் கோப்பில் இருக்கிறது, நீங்களோ அதைக் காட்டுவதே இல்லை. உதவியாளர் குறிப்பு எழுதி இடப்பக்கம் கையெழுத்திடுவார். கண்காணிப்பாளர் பார்த்து மேலே அனுப்புவார். அதிகாரி வலப்பக்கம் பச்சை மையில் ஒப்பமிடுவார். உதவியாளர் பச்சை மையில் எழுதினால் அலுவலகம் தெரிந்த ஒவ்வொருவரும் அந்த இடத்தில் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

நம் அம்மா எழுதுகிறார்: ‘அளவெடுத்த தேதியில் ஏரி நிறைந்திருந்ததாக வட்ட அலுவலகப் பதிவுகளிலிருந்து அறியப்படுகிறது. பட்டியலை அனுமதிப்பது குறித்து ஆணை வேண்டப்படுகிறது.’ ஃபைல் மேலே போய்த் திரும்பி வருகிறது. அவர் குறிப்புக்குக் கீழே பச்சை மையில் ஒரே சொல்: ‘பேசுக.’ கூடவே ஒரு சுருக்கொப்பம். உங்கள் வில்லன் படம் முழுக்க எழுத வேண்டியது அந்த ஒரு சொல்தான். மறுத்து எழுதினால் அது பதிவாகிவிடும். ‘பேசுக’ என்றால் பேச்சு காற்றோடு போய்விடும். அடுத்த காட்சியில் அவர் கத்த வேண்டாம், மேசையைத் தட்ட வேண்டாம். “உக்காருங்கம்மா. பையன் காலேஜ்ல சேர்ந்துட்டானா?” என்று கேட்டால் போதும். துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அன்பாகப் பேசும் மனிதரைவிடப் பயங்கரமான ஆள் அரசு அலுவலகத்தில் கிடையாது.

மெமோவும் அப்படித்தான். புகார் கொடுத்ததற்காக மெமோ என்று யாரும் எழுத மாட்டார்கள். தாமதமாக வந்தது, ஒரு ஃபைல் காணாமல் போனது, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது என்று வேறெதுவோ இருக்கும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ). பேச்சில் ‘செவன்டீன் பி’. கூடவே அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன் 20-ஆவது விதி மேற்கோள் காட்டப்படும். பதில் தர வழக்கமாக 15 நாள். தற்காலிகப் பணிநீக்கம் என்றால் பிழைப்பூதியம், ஏறக்குறைய பாதிச் சம்பளக் கணக்கு. அதைப் பெற ஒவ்வொரு மாதமும் ‘வேறு எந்த வேலையிலும் இல்லை’ என்று சான்று எழுதித் தர வேண்டும். அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. இதில் உங்களுக்கு ஒரு பிரேம் இருக்கிறது பாருங்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மொட்டைமாடி, துணி காயப்போடும் பெண், பின்னால் சேர்வராயன் மலை. அவர் தலைமையிடம் சேலம் என்று ஆணையில் இருந்தால், ஏற்காட்டுக்கு ஒரு நடை போய்வரவும் அவர் எழுதிக் கேட்க வேண்டும். மலையைக் காட்டத்தான் வேண்டும் என்றால் இப்படிக் காட்டுங்கள், கீழேயிருந்து.

சட்டத்தைப் பற்றி வசனம் எழுதுபவர்கள் தயவுசெய்து ஒரு தரம் சரிபாருங்கள். வக்கீல் பாத்திரம் “சட்டம் உங்களைப் பாதுகாக்கும்மா” என்று சொல்வது பல படங்களில் வருகிறது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அதே ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. நடைமுறைக்கு வரும் தேதிதான் அறிவிக்கப்படாமல் கிடக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, கையில் இல்லை. வக்கீல் அதைச் சொன்னாலே நல்ல வசனமாகிவிடும்.

துபே கொலைக்குப் பிறகு 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பினால் பெயர் வெளியே வராமல் காக்கப்படும். ஒட்டி மூடிய உறை. உறையின் மேல் அந்தத் தீர்மானத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ‘பிஐடிபிஐ’ என்று எழுத வேண்டும். அனுப்புநர் பெயர் உறைமேல் இருக்கக் கூடாது, உள்ளே இருக்க வேண்டும். ஆனால் இது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் அதன் நிறுவனங்களுக்கும் மட்டும். உங்கள் நாயகர் ரயில்வே ஊழியர் என்றால் இந்த உறையைக் காட்டலாம். ஒன்றிய அலுவலக உதவியாளர் என்றால் காட்டக் கூடாது. அவர் போக வேண்டியது மாநிலத்தின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். அங்கேயும் ஒரு கதவு உண்டு: அதிகாரி தன் பதவியில் எடுத்த முடிவு பற்றிய விசாரணை என்றால், 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்ந்த 17-ஏ பிரிவுப்படி அரசின் முன்அனுமதி வேண்டும். அந்தக் காத்திருப்பைக் காட்ட ஒரு சுவர்க் காலண்டர் போதும். பெயர் போடாத மொட்டைப் பெட்டிஷன் பெரும்பாலும் ‘கோப்பில் சேர்க்கவும்’ என்ற குறிப்போடு கட்டுக்குள் போய்விடும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று பேனாவோடு உட்கார்ந்திருக்கும் அந்த இரவுதான் உங்கள் உச்சக்காட்சி.

ஒன்று மறந்துவிடக் கூடாது. கலெக்டர் அலுவலகங்களில் இ-ஆபீஸ் வந்துவிட்டது. ஃபைல் கணினியில் நகர்கிறது. நூல் கட்டிய காகிதக் கட்டு காட்ட ஆசைப்பட்டால் கதையைச் சில வருடம் பின்னால் வையுங்கள். 2021 சரியாக இருக்கும், அந்த நவம்பரில் மழையும் கொட்டியது. முகக்கவசம் காட்ட மறக்காதீர்கள். பாதிப் பேர் தாடையில் போட்டிருப்பார்கள்.

போலிக் காகிதம் செய்வதில் எல்லை உண்டு. சிங்கமுகச் சின்னமோ மாநில அரசின் கோபுரச் சின்னமோ வேண்டாம். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இல்லாத ஒன்றியத்தின் பெயரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யுங்கள். ஒவ்வொரு காகிதத்தின் பின்புறமும் ‘படப்பிடிப்புக்கு மட்டும்’ என்று முத்திரை குத்துங்கள், கேமராவுக்குத் தெரியாது. ஜீப்புக்கு அரசு ஜி வரிசை எண் ஒட்டிச் சாலையில் ஓட்டாதீர்கள். கதவையும் ஸ்டியரிங்கையும் காட்டினால் போதும். வில்லனுக்குப் பெயர் வைக்கும் முன் மாவட்டத்தில் அந்தப் பதவியில் அந்தப் பெயரில் யாரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். அவதூறு வழக்கு உங்கள் மொத்த பட்ஜெட்டையும் முதல் வாய்தாவிலேயே தின்றுவிடும்.

காகிதத்தைப் பழசாக்குவது எல்லோருக்கும் பிடித்த வேலை, எல்லோரும் அளவு மீறும் வேலையும் அதுதான். இரண்டு வருட ஃபைல் பழுப்பாகாது. ஓரம் மட்டும் லேசாக மஞ்சளாகும், புரட்டும் மூலை அழுக்காகும், டேக் நூல் போட்ட துளை கிழிந்து பெரிதாகும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் டஸ்ட் டீத்தூள் கொதிக்கவைத்து ஆறவிட்டு, பஞ்சால் ஓரத்தில் மட்டும் ஒற்றுங்கள். நிழலில் காயவைத்துப் பிறகு இஸ்திரி. வெயிலில் போட்டால் அப்பளமாகச் சுருளும். இங்க்ஜெட் பிரிண்ட் எடுத்திருந்தால் எழுத்து ஓடிவிடும், ஜெராக்ஸ் அல்லது லேசர்தான். மூலை அழுக்குக்குப் பென்சில் தூளைக் கட்டைவிரலில் தொட்டுத் தேயுங்கள்.

படமே காகிதத்தில் இருப்பதால், நடிகர்கள் வருவதற்கு முன் அரை நாள் முழுக்கக் காகித ஷாட்டுகளுக்கு ஒதுக்குங்கள். நடிகைக்குக் கையெழுத்து அழகாக இல்லையென்றால் வேறொருவர் கையைப் பயன்படுத்தலாம். வளையலும் புடவை ஓரமும் ஒன்றாக இருந்தால் போதும். ஜெல் பேனா மை ஈரத்தில் பளபளக்கும், எழுதி ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள்.

அறைக்கு வருவோம். உண்மையான அரசு அலுவலகத்தில் அனுமதியில்லாமல் செல்போனில் எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை விடுங்கள். காலியாக இருக்கும் பழைய வீடு, மூடிக்கிடக்கும் கடையின் பின்னறை, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டப அலுவலகம், எதுவும் ஆகும். 12-க்கு 14 அடி வேண்டும். அதற்குக் குறைந்தால் கேமரா பின்னால் போக முடியாமல் எல்லா ஷாட்டும் முகத்தில் இடிக்கும். சுவரில் நாலடி உயரம் வரை ஆயில் பெயின்ட் பட்டை, ஒரு ஸ்டீல் பீரோ, ஒயர் பின்னிய நாற்காலிகள், பேப்பர் வெயிட், வருகைப் பதிவேடு, வாசலில் ‘லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்’ பலகை. பலகையில் போன் எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். பீரோவுக்கு மேலே ஃபைல் கட்டுகள் அடுக்கப் பழைய செய்தித்தாள் கட்டுகளைத் துணியில் சுற்றினாலே தெரியாது. முன்வரிசை மட்டும் நிஜ ஃபைல் அட்டை.

விளக்கில் ஒரே ஒரு பெரிய தவறு நடக்கிறது. செல்போன் தானாக நொடிக்கு 30 பிரேமில் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் சுவரில் கறுப்புப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். எடிட்டிங்கில் அதை முழுதாக எடுக்க முடியாது. மேனுவல் ஆப்பில் 25 பிரேம், ஷட்டர் 1/50, எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். அறையில் இருக்கும் டியூபுகளைக் கழற்றி ஒரே கம்பெனி, ஒரே நிறத்தில் நான்கு எல்இடி டியூப் மாட்டுங்கள். படம் முடிந்ததும் அவற்றை வீட்டுக்காரருக்கே விட்டுவந்தால் அடுத்த படத்துக்கும் அறை கிடைக்கும். ஜன்னலில் டிரேசிங் பேப்பர், நிழல் பக்கம் முகத்துக்குத் தெர்மாகோல் அட்டை. இதற்கு மேல் விளக்கு வேண்டியதில்லை.

ஒலிக்குத்தான் நீங்கள் காசு ஒதுக்குவதில்லை. 30,000 ரூபாய் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம், கேமரா நண்பருடையது, எடிட்டிங் சொந்த லேப்டாப். எங்கள் கணக்கில் ஒலிக்கு 8,000, இரண்டு நாள் சாப்பாடு டீக்கு 6,000, நடிகர்களுக்கு 6,000, காகிதத்துக்கும் விளக்குக்கும் மூன்று மூன்றாயிரம், அறைக்கும் பயணத்துக்கும் இரண்டிரண்டாயிரம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். ‘பேசுக’ காட்சியில் பேச்சு புரியவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்.

அறை பார்க்கப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் என்றால் பக்கத்து விசைத்தறியின் சத்தம் சுவர் வழியாக வரும். அது காதுக்குப் பழகிவிட்டதால் உங்களுக்குக் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். தறிச்சத்தம் ஒரே தாளத்தில் ஓடுவதால், வெட்டி ஒட்டும் இடத்தில் எல்லாம் தாளம் தவறி எகிறும். எடிட்டரால் அதை ஒளிக்கவே முடியாது. கரண்ட் நின்றிருக்கும் நேரத்தில் அறை பார்த்துவிட்டு முடிவு செய்து ஏமாறாதீர்கள்.

மின்விசிறி அடுத்த சிக்கல். ஓடினால் மைக்கில் உறுமல், நின்றால் சேலத்து ஏப்ரலில் நடிகர் சட்டை நனைந்துவிடும். டேக்குக்கு மட்டும் நிறுத்துங்கள், ஒரு காட்சியை மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். விசிறி பிரேமுக்குள் தெரியக் கூடாது. நிற்கும் விசிறிக்குக் கீழே யாரும் உட்கார மாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் விசிறியை ஓடவிட்டு அதன் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் பதிவு செய்து, எடிட்டிங்கில் அடியில் பரப்புங்கள். அறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதியுங்கள். அப்போது யாரும் செருப்பைக்கூட நகர்த்தக் கூடாது.

பூம் மைக், அதாவது நீளக் கோலில் கட்டிய மைக், தலைக்கு மேல் ஒன்றரை அடியில், வாயைப் பார்த்து. காலர் மைக்கை கஞ்சி போட்ட காட்டன் புடவைக்குள் வைத்தால் ஒவ்வொரு அசைவும் சருகு மிதிப்பது போலக் கேட்கும். மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பை முக்கோணமாக மடித்து இரண்டு பக்கமும் துணி தொடாதபடி ஒட்டுங்கள். ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். குழுவில் எல்லோர் போனும் ஏரோப்ளேன் மோடில்.

12 நிமிடப் படத்துக்கு ஆறு பங்கு எடுத்தால் 72 நிமிடம். கேமரா 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி, ஆக 54 ஜிபி. 64 ஜிபி கார்டில் நிஜமாகக் கிடைப்பது 60-க்குள்தான். இரண்டு கார்டு எடுத்துப் போங்கள், மதியச் சாப்பாட்டின்போதே இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். மூடுபனிக்காக மலைமேல் போயே தீருவோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிரில் கிடந்த கேமராவைக் கீழே கொண்டுவந்து உடனே திறந்தால் லென்ஸுக்குள் ஆவி படியும். ஜிப் கவரில் மூடி வைத்து, ஊர் வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

கடைசி விஷயம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால்தான் இங்கே வைத்தோம். உங்கள் கதை உண்மையான ஒருவரிடமிருந்து வந்திருந்தால், முதலில் காக்க வேண்டியது அவரை. அவர் கொடுத்த நகலை அப்படியே படத்தில் காட்டாதீர்கள். தபால் முத்திரை, யாரோ போட்ட பென்சில் டிக், ஸ்டேப்ளர் துளை, அந்த ஜெராக்ஸ் மிஷின் மட்டும் போடும் கறுப்புக் கோடு, ஒவ்வொன்றும் எந்த மேசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி ‘இந்த நகல் யார் யாரிடம் இருந்தது’ என்பதுதான். எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள், எண்களை மாற்றுங்கள். அவரிடம் வாங்கிய படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். துறை, ஊர், ஆணா பெண்ணா, குடும்பச் சூழல் என்று குறைந்தது மூன்றை மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் சேலத்தில் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நன்றிப் பட்டியலில் அவர் பெயரோ முதலெழுத்தோ வேண்டாம். எடிட் முடியும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ‘வேண்டாம்பா’ என்று ஒரு காட்சியைச் சொன்னால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள், அது படத்திலேயே நல்ல காட்சியாக இருந்தாலும்.

படப்பிடிப்பு முடிந்த அன்றே போலி ஆணைகளைக் கிழித்துப் போடுங்கள், ஸ்டாம்பின் ரப்பரை உரித்து எடுங்கள். எம்-புக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ரீ-ஷூட் வரும்.

இப்படிக்கு,
கட்டுப் பிரித்துப் பழகியவர்களும் கேமரா பிடித்துப் பழகியவர்களும்

பி.கு.: அளவெடுத்த தேதியாக 14-ஆம் தேதியைச் சொன்னோம். 2021 நவம்பர் காலண்டரைப் பாருங்கள், அது ஞாயிற்றுக்கிழமை. மாற்ற வேண்டாம். அந்த அம்மா அதை எப்போது கவனிக்கிறார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.